இணை எண் ஒன்று

2046ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. கோயம்புத்தூரில் வானம் மேகமூட்டத்துடன் காணப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நகருக்குள் புகுந்து, பெண்களின் குடைகளையும் ஆண்களின் வேட்டிகளையும் ஒருசேரச் சோதித்துக்கொண்டிருந்தது. காலையில் சாரல், வெப்பநிலை இருபத்து நான்கு பாகை. உடலுழைப்புக்கு மிகவும் உகந்த நாள் எனலாம். ஆயினும் அன்று எங்கள் நிலையத்தில் உழைத்தவர் சிலர். உட்கார்ந்து பேசியவரே பலர்.

எங்கள் நிலையம் என்பது அவினாசி சாலையிலிருந்து சற்று உள்ளடங்கி, வேப்பமரங்களுக்கு நடுவே அமைந்த வளர்சிதை மாற்ற ஆய்வு நிலையம் ஆகும். உண்ட உணவை உடல் ஆற்றலாக மாற்றுவதும், மாற்ற மனமின்றி இடுப்பைச் சுற்றிச் சேமித்து வைப்பதுமாகிய செயல்களின் தொகுப்பே வளர்சிதை மாற்றம் எனப்படும். என் பெயர் ரங்கராஜ். எலிக்கூண்டு கழுவும் பணியில் சேர்ந்து, நாற்பத்தெட்டாம் வயதில் தொலைநிலைக் கல்வி வாயிலாக விலங்கியலில் இளநிலைப் பட்டம் பெற்று, இணைப்பு உதவியாளராக உயர்ந்தவன். எனவே, கலைச்சொற்கள் வருமிடத்து வாசகர் அஞ்ச வேண்டியதில்லை. அவற்றை நானே அஞ்சி அஞ்சிக் கடந்து வந்தவன்.

நிலையத்தின் தலைவர் டாக்டர் கோகிலவாணி. முப்பது ஆண்டுகளாக உடல் பருமனையும் நீரிழிவையும் ஆராய்ந்து வருபவர். மெலிந்த தேகம், பருத்திப் புடவை, காலில் ஓட்டப்பந்தயக் காலணி. ஆனால் அவர் ஓடி எவரும் கண்டதில்லை. அவருடைய முதல் பத்தாண்டுப் பணியை ஒரே வாக்கியத்தில் கூறிவிடலாம்: எலிகள் இளைத்தன, மனிதர் இளைக்கவில்லை. வெளிநாட்டு இதழ்கள் அவரைப் பாராட்டின. அவருடைய சொந்த அத்தையோ, "அத்தனை படிச்சவ, எனக்கு ஒரு பத்துக் கிலோ கொறைக்கத் துப்பில்லையே" என்று திருமண வீடுகளில் கூறி வந்தார்.

பின்னர் ஒரு நாள், சக்கரத்தில் ஓடிய ஓர் எலியின் இரத்தத்தை, அருகில் படுத்திருந்த பருத்த எலிக்கு டாக்டர் செலுத்தினார். படுத்திருந்த எலி இளைத்தது. உழைக்கும் தசை, இரத்தத்தின் வழியே உடல் முழுவதற்கும் செய்திகளை அனுப்புகிறது. அச்செய்திகளைப் பெற்ற கல்லீரலும் கொழுப்பும் சர்க்கரையைச் செலவிடுகின்றன. அவ்வாறாயின், ஒருவர் நடக்கும்போது எழும் செய்தியை மற்றொருவர் உடலுக்கு அனுப்பினால் என்ன? இவ்வினாவே அவரது வாழ்க்கையாயிற்று.

விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. இறுதியில், நடப்பவரின் கெண்டைக்காலில் ஒரு பட்டை, ஏற்பவரின் மேற்கையில் தோலுக்கடியில் அரிசி மணியளவு ஒரு கருவி என்ற நிலைக்கு வந்து சேர்ந்தோம். பட்டை படித்து அனுப்பும். மணி பெற்று, அதே செய்தியை அங்கே சுரந்து, அவ்வுடலின் நிலையைப் பட்டைக்குத் திருப்பி அனுப்பும். ஒருவர் நடப்பார், மற்றொருவர் இளைப்பார்.

அன்றைய தினம் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, சென்னையிலிருந்து நிபுணர் குழு காணொளியில் கூடி, இக்கருவிக்கு நாடு தழுவிய உரிமம் வழங்குவதா வேண்டாமா என முடிவு செய்யவிருந்தது. டாக்டரின் முப்பது ஆண்டு உழைப்பும் அந்த ஒரு மணி நேரத்தில் அடங்கியிருந்தது. அதற்கு முன்பாகவே, காலை ஒன்பதரை மணியளவில், நிலையத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு தெய்வசிகாமணி உள்ளே வந்தார்.

தெய்வசிகாமணி கணபதிப் பகுதியில் பம்புசெட்டுத் தொழிற்சாலை நடத்துபவர். அறுபத்தொரு வயது. நீரிழிவு நோயாளி. சோதனைக்காக நிலையத்துக்கு வெளியே கருவி பொருத்தப்பட்ட முதல் ஏற்பவரும் அவரே. உரிமம் கிடைத்ததும் பட்டைகளைத் தயாரிக்க முன்பணம் போட்டிருந்த முதலாளியும் அவரே.

"டாக்டரம்மா, என்னையக் காப்பாத்துங்க" என்றார்.

"என்னங்க ஆச்சு?"

"பசிக்குதுங்க."

டாக்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "காலைல சாப்பிடலைங்களா?"

"அதானுங்க வயித்தெரிச்சலே! பீளமேட்டுல கல்யாணம். அங்கிருந்து நேரா வாரேன். ஏழு இட்லி, ரெண்டு தோசை, பொங்கல், கேசரி. பரிமாறுன பையன் மூஞ்சியப் பாத்தாப் பாவமா இருந்துச்சுன்னு மேக்கொண்டு ரெண்டு வடை. காருல ஏறி ஒரு சிக்னல் தாண்டலைங்க, வயிறு அண்டாவக் கழுவிக் கவுத்தாப்புல ஆயிப்போச்சு."

இளம் ஆய்வாளர் பிரணவ் அவருடைய விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்தார். "நூத்திப் பன்னெண்டு மேடம். ஏழு இட்லிக்கு அப்புறம்!"

"சக்கரைக்கு ஒரு கொறையுமில்லைங்க தம்பி. அதெல்லாம் நம்ம காலு பாத்துக்குது."

இங்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தமக்காக நடப்பவரை ஏற்பவர்கள் "நம்ம காலு" என்றே குறிப்பிட்டனர். "எங்காலு இன்னிக்கு லீவு", "உங்க காலு நல்ல காலுங்களா?" என்றெல்லாம் நகரின் பெரிய மனிதர்கள் தமக்குள் அளவளாவினர். தெய்வசிகாமணியின் கால் கனிஷ்கா என்னும் முப்பத்தாறு வயதுப் பெண்மணி. ஒண்டிப்புதூரில் வசிப்பவர், முன்னர் வண்டியில் உணவு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவர்.

"பிரணவ், இதே மாதிரி வேற யாராச்சும் சொன்னாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"நிறையப் பேர் மேடம், இந்த ஒரு மாசமா. சாப்பாட்டுப் பிரியம்னு குறிச்சு வெச்சேன்."

"ஒரு மாசமாத்தான?"

"ஆமா மேடம். நடக்கறவங்களை நிலையத்துல இருந்து வெளிய ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்கு மாத்துனதுல இருந்து."

டாக்டர் கைப்பேசியை எடுத்து, அனைவரும் கேட்கும்படி மேசைமீது வைத்தார். மறுமுனையில் காற்றின் இரைச்சலும் மூச்சு வாங்கும் ஒலியும் கேட்டன.

"கனிஷ்கா, எங்க இருக்கீங்க?"

"ரேஸ்கோர்ஸ்லதானுங்க மேடம். மூணாவது ரவுண்டு."

"சாப்ட்டாச்சா?"

"ஆச்சுங்க மேடம்."

"பொய் சொல்லாதீங்க."

"ஐயோ, எப்படிங்க மேடம் தெரியும்?"

"இங்க ஒருத்தருக்குப் பசிக்குது. பக்கத்துல இட்லிக் கடை எதாச்சும் இருக்குதா?"

"இருக்குதுங்க. ஆனா நின்னா அடி கொறைஞ்சுரும்ங்களே மேடம். முதலாளி கம்பெனில அடிக்கணக்குக்குத்தான சம்பளம்."

தெய்வசிகாமணி மேசைமீது குனிந்தார். "கொறைஞ்சாக் கொறையட்டும் அம்மணி, போயித் தின்னு தொலை! இங்க எனக்கு உசுரு போகுது!"

"அட, முதலாளி! நீங்களும் அங்கதான் இருக்கீங்களா?"

அடுத்து நிகழ்ந்ததை அறிவியல் வரலாற்றின் தலைசிறந்த சோதனைகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன். தொலைவில் ஒரு பெண்மணி தள்ளுவண்டிக் கடையில் நின்று இட்லி உண்டார். இங்கே ஒரு முதலாளி நாற்காலியில் அமர்ந்து, கண்களை மூடி, தம் வயிற்றின்மீது கையை வைத்துக் காத்திருந்தார். இரண்டாம் இட்லிவரை முகத்தில் மாற்றமில்லை. நான்காம் இட்லி முடிந்து சிறிது நேரத்தில் அவருடைய நெற்றிச் சுருக்கம் நீங்கியது. பின்னர் அவர் நீண்டதோர் ஏப்பம் விட்டார்.

"நெறைஞ்சுருச்சுங்க" என்றார் கண்களில் நீர் மல்க. உடனே கைப்பேசியிடம், "அம்மணி, காரச் சட்னி வேண்டாம், எனக்கு நெஞ்சு எரியும்" என்றார்.

"சட்னியெல்லாம் உங்களுக்கு வராதுங்க அங்கிள்" என்றார் பிரணவ். "பசி மட்டுந்தான் வருது."

"அதெப்படிங்க என்ற வயித்துக்கு அவ பசி வரும்?"

"நீங்க ஏழு இட்லி சாப்ட்டா, அந்தச் சக்கரையை எரிக்கறது அவங்க காலுங்க" என்றார் டாக்டர். "பதிவு பண்ணி வெச்ச நடையை உடம்பு ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சுத் தள்ளிருது. அதனால ரெண்டு பேரையும் நேரடியா இணைக்கறோம். அவங்க நடை உங்களுக்கு வருது, உங்க பாரம் அவங்களுக்குப் போகுது. ரெண்டு பேருக்கான வேலையை ஒரு உடம்பு செய்யுது. அப்ப ரெண்டு பேருக்கான பசி வரும்ல? அந்தப் பசியில பாதி, வந்த வழியே திரும்பி உங்ககிட்ட வருது."

"இத்தனை வருஷம் சோதிச்சீங்களே, அப்ப வரலையா?"

விடை எங்கள் சமையற்கூடத்திலிருந்து மிதந்து வந்துகொண்டிருந்தது: தாளித்த கொள்ளு ரசத்தின் மணம். எங்கள் நிலையத்துக்கு வந்த எவரும் உண்ணாமல் திரும்பியதில்லை. சோதனைக்கு வந்த தன்னார்வலர்களை, "மொதல்ல சாப்பிடுங்க, அப்பறம் நடக்கலாம்" என்றே வரவேற்றோம். வந்தவரைப் பசியோடு நடக்கவிடுவது கொங்கு நாட்டில் எவருக்கும் இயலாத செயல். ஆகவே, தன்னார்வலரோடு நடத்திய மூன்றாண்டுச் சோதனையில் பசித்த நடப்பவர் ஒருவரைக்கூட நாங்கள் சோதிக்கவில்லை. உலகின் வேறு எந்த ஆய்வகத்திலும் இப்பிழை நிகழ்ந்திருக்காது. அங்கெல்லாம் தன்னார்வலருக்கு ஒரு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். ஓடிய எலியின் இரத்தம் பெற்ற அந்தப் பருத்த எலி அன்றே வெறும் தட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. அதையும் நாங்கள் பெருந்தீனி என்றே கருதினோம்.

கைப்பேசி இன்னும் இணைப்பில் இருந்தது. டாக்டர் அதனருகில் சென்றார்.

"கனிஷ்கா, போன மாசத்துக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

"எட்டுக் கிலோ கொறைஞ்சுட்டேனுங்க மேடம். சுடிதாரெல்லாம் கொடியில காயற மாதிரி மேல தொங்குது. பக்கத்து வீட்டக்கா என்ன டயட்டுன்னு கேக்கறாங்க. முதலாளி டயட்டுன்னு சொன்னேன்."

"தலை சுத்துதா?"

"அப்பப்ப சுத்தும்ங்க. மரத்தைப் புடிச்சுட்டு நிப்பேன். நம்ம வயிறு என்ன சாப்ட்டுட்டு இருக்குதோன்னு நெனைச்சுக்குவேன்."

"யாரு வயிறு?" என்றார் தெய்வசிகாமணி.

"நீங்கதானுங்க முதலாளி. நீங்க என்னையக் காலுங்கறீங்க. நான் உங்களை வயிறுங்கறேன்."

பிரணவ் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. அவருடைய கணக்கிடும் மூளை விழித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, இந்தப் பசியை மட்டும் அடைக்க முடியுமா?"

"முடியும் அங்கிள். வர்ற செய்தியில அது ஒண்ணே ஒண்ணுதான். நிறுத்திட்டா நீங்க நிம்மதியா இருக்கலாம். பத்து நிமிஷ வேலை."

"அப்பறம் என்ன, அடைச்சுப்போடுங்க! டாக்டரம்மா, பன்னெண்டு மணிக்குக் கமிட்டி. பக்க விளைவு ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க, பொய்யும் ஆகாது. பசியோட விக்கற வைத்தியத்தை எவன் வாங்குவான்? முப்பது வருஷம் எலியோட மல்லுக்கட்டுனீங்க. இந்த ஒண்ணுக்காகக் கோட்டை விட்டுராதீங்க."

அவர் கூறியதில் பிழையில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அவருடைய தந்தை நீரிழிவினால் பார்வையையும், பின்னர் ஒரு பாதத்தையும் இழந்தவர். நகரில் அத்தகைய வீடுகள் பல. உரிமம் தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பாதங்கள் போகும் என்பதை டாக்டரைக் காட்டிலும் நன்கறிந்தவர் எவருமில்லை.

டாக்டர் சன்னலுக்கு வெளியே வேப்பமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் என் பக்கம் திரும்பி, என் கெண்டைக்காலைச் சில நொடிகள் உற்றுப் பார்த்தார். அங்கே பட்டை இருந்தது.

இவ்விடத்தில் என்னைப் பற்றியும் சிறிது கூற வேண்டியுள்ளது. பதினோர் ஆண்டுகளுக்கு முன் மனிதரில் முதன்முறையாக இக்கருவி சோதிக்கப்பட்டபோது, நடப்பதற்கு நான் முன்வந்தேன். இணை எண் ஒன்றின் நடப்பவன் நானே. ஏற்பவர் யாரென்பது எனக்குக் கூறப்படவில்லை. அந்த முதற்கட்ட ஆய்வின் விதிகளின்படி கூறவும் கூடாது. நாள்தோறும் காலையில் வளாகத்தைச் சுற்றி நடந்தேன். பட்டையைக் குளிக்கும்போது மட்டுமே கழற்றினேன். முகமறியாத ஒருவருக்காக நடப்பது கடினமாக இருந்தமையால் அவருக்கு நானே ஒரு முகத்தைக் கற்பித்துக்கொண்டேன்: ஊட்டியில் வாழும் ஓய்வுபெற்ற நீதிபதி, வழுக்கை, இனிப்புப் பிரியர். தீபாவளியன்று அவர் அதிரசம் உண்பார் எனக் கருதி இரண்டு சுற்று கூடுதலாக நடப்பது என் வழக்கம்.

டாக்டரிடம் மற்றொரு வழக்கம் இருந்தது. பகல் ஒரு மணியானால், எவ்வளவு முக்கியமான வேலையில் இருந்தாலும் எட்டிப் பார்த்து, "சாப்ட்டாச்சா ரங்கராஜ்?" என்று கேட்பார். என் மனைவிகூட என்னை இத்தனை முறை கேட்டதில்லை. ஒருமுறை வேலை மிகுதியால் உண்ணாமலே "ஆச்சுங்க டாக்டர்" என்றேன். "பொய்" என்றார். மறுமாதம் மீண்டும் முயன்றேன். "பொய். முகத்துலயே தெரியுது" என்றார். என் முகம் அத்தனை வெளிப்படையானது என்பதை அறிந்து, அன்றிலிருந்து ஒழுங்காக உண்ணத் தொடங்கினேன்.

பன்னிரண்டு மணிக்குக் காணொளித் திரை ஒளிர்ந்தது. குழுத் தலைவர் பேராசிரியர் ஸ்டெல்லா, இருபுறமும் இரண்டிரண்டு உறுப்பினர்களுடன் தோன்றினார். நரைத்த குட்டை முடி, குரலில் ஆரவாரமில்லை. முதல் அரைமணி நேரம் பாராட்டுகளில் கழிந்தது. தெய்வசிகாமணி சான்றாக முன்னிறுத்தப்பட்டார். அவர் எழுந்து நின்று தம் பழைய கால்சட்டையை இடுப்பில் பிடித்துக் காட்ட, அதனுள் இன்னொரு தெய்வசிகாமணிக்கு இடமிருந்தது. உறுப்பினர்கள் கைதட்டினர்.

"பக்க விளைவுகள் ஏதேனும்?" என்று தலைவர் கேட்டார்.

பிரணவ் டாக்டரைப் பார்த்தார். தெய்வசிகாமணி கூரையைப் பார்த்தார்.

"ஒண்ணு இருக்கு மேடம்" என்றார் டாக்டர். "நடக்கறவங்க பசி, ஏத்துக்கறவங்களுக்கு வருது. இன்னிக்குக் காலைலதான் கண்டுபிடிச்சோம்."

"அதைத் தடுக்க வழி உண்டா?"

"பத்து நிமிஷ வேலை. ஆனா தடுக்கக் கூடாதுன்னு கேட்டுக்கறேன்."

தெய்வசிகாமணி தம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏன் கூடாது?"

"நடக்கறவங்க ரெண்டு பேருக்காக எரிக்கறாங்க மேடம். அவங்க பசி நமக்குத் தெரியாமப் போச்சுன்னா அவங்க கரைஞ்சு போயிருவாங்க. ஒரே மாசத்துல எட்டுக் கிலோ கொறைஞ்ச அம்மா ஒருத்தங்க இப்ப ரேஸ்கோர்ஸ்ல நடந்துட்டிருக்காங்க."

"மாதந்தோறும் எடை பார்த்து, குறைந்தால் நிறுத்தச் சொல்லலாமே?"

"எடை பார்த்தோம் மேடம். பார்த்து எழுதியும் வெச்சோம். ஆனா ஒருத்தரும் சாப்பாடு போடலை. இவருக்குப் பசிச்சுது, அஞ்சு நிமிஷத்துல இட்லி வந்துருச்சு."

தெய்வசிகாமணியைச் சுட்டிக்காட்டினார். அவர் கூச்சத்துடன் வணக்கம் வைத்தார்.

"ஒரு நிகழ்ச்சி ஆதாரமாகாது, டாக்டர்" என்றார் தலைவர். "பசி கடத்தப்படுவதால் நடப்பவருக்கு நெடுங்காலப் பாதுகாப்பு உண்டு என்பதற்குத் தரவு இருக்கிறதா?"

"இருக்கு. இணை எண் ஒண்ணு. பதினோரு வருஷம். நடக்கறவர் எடை ஒரு கிலோகூடக் கொறையலை. ஒரு நாள் மயக்கம் வந்ததில்லை."

குறையவில்லை என்பது அடக்கமான கூற்று. நான் மூன்று கிலோ கூடியிருந்தேன். அவைநாகரிகம் கருதிப் பேசாமல் நின்றேன்.

"அந்த இணையில் ஏற்பவர் என்ன செய்தார்?"

"ஒண்ணும் பெருசா இல்லை. பகல்ல பசிச்சா, 'சாப்ட்டாச்சா'ன்னு அவரைக் கேட்டாங்க. அவ்வளவுதான்."

என்னை நாள்தோறும் அவ்வாறு கேட்டவர் ஒருவரே. பட்டதாரியாகிய எனக்கே அதை விளங்கிக்கொள்ளச் சில நொடிகள் ஆயின. ஊட்டி நீதிபதி தம் வழுக்கையுடனும் அதிரசத்துடனும் என் மனத்திலிருந்து மெல்ல எழுந்து வெளியேறினார்.

"ஏற்பவர், நடப்பவரை அறிந்திருந்தாரா?" தலைவரின் குரல் மாறியிருந்தது. "முதற்கட்டச் சோதனையில் அது விதிமீறல் ஆயிற்றே. யார் அவர்?"

டாக்டர் எழுந்தார். ரவிக்கையின் கையைச் சற்று மேலேற்றினார். மேற்கையில் அரிசி மணியளவு ஒரு மேடு தெரிந்தது.

"நாப்பத்தேழு வயசுல எனக்குச் சக்கரை வந்துது மேடம். நடக்கச் சொன்னாங்க. நடக்க நேரமில்லை. நடையைப் பத்தி ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தேன்." யாரும் சிரிக்காததால் தொடர்ந்தார். "மணி வெச்சுக்கறேன்னு வந்தவர், அன்னிக்குக் காலைல பயந்து போயிட்டார். இன்னொருத்தரைத் தேட ஒரு வருஷம் ஆகும். நானே வெச்சுக்கிட்டேன். ஆராய்ச்சி நடத்தறவளே ஆராய்ச்சிக்குள்ள உக்காரக் கூடாதுன்னு தெரியும். இன்னிக்கு நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா என்கிட்ட இருக்கற ஆதாரம் இது ஒண்ணுதான்."

திரையில் இருந்த ஐவரும் ஒலியை நிறுத்திவிட்டுத் தமக்குள் பேசினர். உதடுகள் அசைவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். தெய்வசிகாமணி என் காதருகில், "இந்தம்மா இத்தனை நாளா உன்ற கால்லதான் நடந்துச்சாப்பா?" என்றார். நான் ஆம் எனத் தலையசைத்தேன். "ஒரு வார்த்தை சொல்லலை பாரு, கெட்டிக்காரி" என்றார் வியப்புடன்.

ஒலி திரும்பியது.

"உங்கள் தரவு உண்மையானது" என்றார் தலைவர். "அதைப் பெற்ற முறை தவறானது. தரவை ஏற்கிறோம், உங்களை ஏற்க இயலாது. உரிமம் வழங்கப்படுகிறது. பசியைத் தடுக்கும் எந்த மாற்றமும் கருவியில் செய்யப்படக் கூடாது. நிலையத்தின் பொறுப்பிலிருந்தும் ஆய்விலிருந்தும் நீங்கள் இன்றே விலக வேண்டும். இணை எண் ஒன்று உடனடியாகப் பிரிக்கப்பட வேண்டும்." பின்னர், குழுத் தலைவராக அல்லாமல், தாழ்ந்த குரலில், "வருந்துகிறேன், வாணி" என்றார்.

"பரவாயில்லைங்க மேடம். உரிமம் கிடைச்சுருச்சே" என்றார் டாக்டர்.

முப்பதாண்டுப் பணி முடிவுக்கு வந்ததைக் குறிக்க மேளதாளம் எதுவும் ஒலிக்கவில்லை. தெய்வசிகாமணி கைப்பேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குச் சென்றார். "அம்மணி, மத்தியானத்துக்கு என்ன? வெறும் தயிர்ச்சோறா? ஏ, அதெல்லாம் எனக்குப் பத்தாது. ரெண்டு முட்டை சேத்திக்க. அட, காசு நான் தாரேன், தின்னு அம்மணி!" என அவர் கெஞ்சுவது கேட்டது. பிற்காலத்தில் இந்நகரின் செல்வந்தர்கள் பலரும் நடப்பவருக்குக் காலையிலேயே அடுக்குப் பாத்திரத்தில் சிற்றுண்டி அனுப்பலாயினர். அது கருணையா தன்னலமா என்பதை ஆராய எங்களிடம் கருவி இல்லை.

பிரணவ் கலங்கிய கண்களுடன் வந்து, ஒரு சிறு காந்தத்தை டாக்டரின் கையருகே பிடித்தார். என் பட்டையில் பச்சை விளக்கு ஒன்று அணைந்தது. என் காலிலிருந்து பட்டையைக் கழற்றினார். பதினோர் ஆண்டு வெயில் படாத தோல், அங்கே ஒரு வெளிறிய வளையமாக இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான் ரங்கராஜ் அண்ணா."

டாக்டர் தம் மேசையிலிருந்து பொருள்களை எடுத்துத் துணிப்பையில் வைத்தார். நான் உதவினேன். சிறிது நேரம் கழித்து, என்னைப் பாராமலே பேசினார்.

"காலைல கனிஷ்காகிட்ட 'பொய் சொல்லாதீங்க'ன்னு சொன்னேன்ல, அப்பதான் எனக்கே உறைச்சுது. உங்ககிட்டயும் இதேதான சொல்லியிருக்கேன். முகத்துல தெரியுதுன்னு நெனைச்சேன். முகத்துல இல்லை ரங்கராஜ், என் வயித்துல தெரிஞ்சிருக்கு."

"சரிங்க டாக்டர்."

"இத்தனை வருஷம் நான் ஏதோ நல்ல மனுஷின்னு நெனைச்சுட்டிருந்தேன். கூட வேலை செய்யறவங்களைக் கேட்டுக் கேட்டுக் கவனிக்கறேன்னு. பார்த்தா, எனக்குப் பசிச்சிருக்கு. அதான் கேட்டிருக்கேன்."

முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் தானே உயர்வதை அனிச்சைச் செயல் என்று விலங்கியல் கூறும். அதில் காலின் விருப்பத்துக்கு இடமில்லை. பதினோர் ஆண்டுகளாக நான் பெருமையுடன் மனைவியிடம் கூறி வந்த அந்த 'சாப்ட்டாச்சா', அப்படிப்பட்ட ஒரு செயல்தான் என்று ஆகிவிடுமா? கருதுகோள் அவருடையது; தெளிவாகவும் இருந்தது. என் நெஞ்சு அதனை ஏற்க மறுத்தது. நெஞ்சு ஆதாரமாகாது என்பதையும் நான் படித்திருக்கிறேன்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று ஆயிற்று. டாக்டர் பேனாக்களைத் தேடிக்கொண்டிருந்தார். நான் வேண்டுமென்றே அவர் கண்ணில் படும்படி நின்றேன். அவர் என்னைக் கடந்து சென்று அலமாரியைப் பூட்டினார். பத்து நிமிடம் கடந்தது. அவர் கேட்கவில்லை. சமையற்கூடத்திலிருந்து கொள்ளு ரசம் அழைத்தது, நான் செல்லவில்லை. அன்றைய பரபரப்பில் காலையிலும் நான் உண்டிருக்கவில்லை. அப்பசி இப்போது முழுமையாக என்னுடையதாக இருந்தது. பாதியைப் பங்கிட எவருமில்லாத பசி எத்தனை பெரியது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது என்று முடிவு செய்து, அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். சாரல் மீண்டும் தொடங்கியிருந்தது. ஆட்டோ வந்து நின்றது. டாக்டர் ஏறி அமர்ந்து, பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளையில இருந்து நானே நடக்கணும்" என்றார் தம் காலணிகளைப் பார்த்து. "காலு ரெண்டும் என்னுதுதானான்னே சந்தேகமா இருக்கு."

"நடந்தாப் பழகிருமுங்க டாக்டர்."

ஆட்டோ நகர்ந்தது, வாயிலைத் தாண்டுமுன் நின்றது. பக்கத்திலிருந்து அவர் தலை வெளியே நீண்டது. நெற்றியில் மழைத்துளி விழ, மறந்துபோன எதையோ எடுக்க வந்தவர்போல, கேட்டார்:

"ரங்கராஜ்! சாப்ட்டாச்சா?"

அவருடைய கையிலிருந்த மணி அணைந்திருந்தது. என் காலில் பட்டை இல்லை. இரண்டு உடல்களுக்கிடையே சாரலும் ஓர் ஆட்டோவும் மட்டுமே இருந்தன. உண்மையைக் கூறியிருந்தால் அவர் இறங்கி வந்து, என்னைச் சமையற்கூடத்துக்கு அழைத்துச் சென்று, எதிரில் அமர்ந்து, நான் உண்டு முடிக்கும்வரை காத்திருப்பார். அவர் பதவி இழந்து வெளியேறுவதை நிலையத்தில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பர்.

"ஆச்சுங்க டாக்டர்" என்றேன்.

அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். பின்னர், "நல்லது" என்று சிரித்தார். ஆட்டோ அவினாசி சாலையில் திரும்பி மறைந்தது.

பதினோர் ஆண்டுகளில் முதன்முறையாக என் பொய்யை அவர் நம்பினார். அப்போது நேரம், பிற்பகல் ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம்.